காரின் குளிர் வாயு எங்கே போகிறது?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாத மாலை. ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டு வெளியே வந்தேன். முதலாண்டு மாணவர் ஒருவர் வாசலில் காத்திருந்தார். அவருடைய தந்தை வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுபவர்.

"சார், அப்பா வண்டியில் ஏ.சி. குளிரவில்லை. போன வருடம் கேஸ் அடித்தோம். அதற்கு முந்தின வருடமும் அடித்தோம். இந்த வருடமும் கேஸ் தீர்ந்துவிட்டது என்கிறார்கள். அமெரிக்காவில் என் சித்தப்பா மகன் இருக்கிறார். அவர் கடையில் ஒரு டப்பா வாங்கி வந்து, வீட்டு வாசலிலேயே தன் காருக்குத் தானே அடித்துக்கொள்கிறாராம். நாமும் அப்படிச் செய்ய முடியாதா?" என்று கேட்டார்.

கோடையில் ஏ.சி. வேலை செய்யாத வாடகைக் காரில் யார் ஏறுவார்கள்? ஆகவே இது விளையாட்டுக் கேள்வி அல்ல. ஒரு குடும்பத்தின் வருமானத்தைப் பற்றிய கேள்வி. அதற்குள் நல்ல இயற்பியலும் அடங்கியிருக்கிறது. நீங்களும் என்னுடன் சேர்ந்து யோசித்துப் பாருங்கள்.

அவருடைய பேச்சில் ஒரு சொல் என்னை உறுத்தியது. கேஸ் "தீர்ந்துவிட்டது" என்றாரே, அந்தச் சொல்தான். பெட்ரோல் தீரும்; எரிந்து புகையாகப் போய்விடுகிறது. ஏ.சி.யில் இருக்கும் வாயு எப்படித் தீரும்?

குளிர் பிறக்கும் விதம்

கையில் சிறிது ஸ்பிரிட்டைத் தடவிப் பாருங்கள். சில்லென்று இருக்கிறது. ஸ்பிரிட் ஆவியாகும்போது அதற்கு வெப்பம் தேவைப்படுகிறது. அந்த வெப்பத்தை உங்கள் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். வெப்பநிலை மாறாமலே ஒரு திரவம் ஆவியாக மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் இந்த வெப்பத்தை உள்ளுறை வெப்பம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

இன்னொரு உண்மையும் நமக்கு வேண்டும். தண்ணீர் 100° செல்சியஸில் கொதிக்கும் என்கிறோம். அது சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் மட்டுமே உண்மை. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். பிரஷர் குக்கரில் சோறு விரைவாக வேகும் காரணம் பின்னது.

முன்னதைக் காண ஓர் எளிய சோதனை உண்டு. மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள். வீட்டுப் பெரியவர்கள் உதவியுடன், கை பொறுக்காத சூடுள்ள தண்ணீரை அதில் கால் பங்கு இழுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளுங்கள். நுனியை ரப்பர் துண்டால் அடைத்துக்கொண்டு, தண்டைப் பின்னோக்கி இழுங்கள். உள்ளே தண்ணீர் குமிழிவிட்டுக் கொதிக்கும்! தண்டை விட்டவுடன் கொதிப்பு நின்றுவிடும். 60° வெப்பநிலையில் கொதிக்கத் தண்ணீருக்கு வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கே போதும்.

காரைக் குளிர்விக்கவும் ஏதாவதொரு திரவத்தைக் குறைந்த வெப்பநிலையில் கொதிக்க வைக்க வேண்டும். தண்ணீர் இதற்கு உதவாது. 5° வெப்பநிலையில் அது கொதிக்க வேண்டுமானால், அழுத்தத்தை வளிமண்டலத்தின் நூறில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோக வேண்டும். ஆகவே வேறொரு பொருளைப் பயன்படுத்துகிறார்கள். இன்று நம் சாலைகளில் ஓடும் கார்கள் பலவற்றில் இருப்பது ஆர்-134ஏ என்பது. இதன் வேதியியல் பெயர் டெட்ரா ஃபுளூரோ ஈத்தேன். சாதாரண அழுத்தத்தில் இது பூச்சியத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஏறக்குறைய மூன்று வளிமண்டல அழுத்தத்தில் 0°யில் கொதிக்கும். பதின்மூன்று வளிமண்டல அழுத்தத்தில் 50°யில் கொதிக்கும். இந்த எண்களை நினைவில் வையுங்கள். காரின் ஏ.சி. முழுவதும் இவற்றுக்குள் அடக்கம்.

சுற்றிச் சுற்றி வரும் வாயு

காருக்குள் காற்று வரும் துவாரங்களுக்குப் பின்னால் ஒரு குழாய்ச் சுருள் இருக்கிறது. மெக்கானிக்குகள் கூலிங் காயில் என்பார்கள். நாம் அதை உள் சுருள் என்போம். அங்கே அழுத்தம் மூன்று வளிமண்டலத்தை ஒட்டி இருப்பதால், திரவம் 0°க்குச் சற்று மேலே கொதிக்கிறது. கொதிக்க வேண்டிய வெப்பத்தைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. காற்று குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் சுருளின் மேல் நீராகப் படிந்து காருக்கடியில் சொட்டுகிறது. இதைப் பார்த்து ஏ.சி. ஒழுகுகிறது என்று பலர் பயப்படுவதுண்டு. அது வெறும் தண்ணீர்தான்.

ஆவியான வாயுவை எஞ்சினோடு சேர்ந்து சுழலும் அமுக்கி, அதாவது கம்ப்ரஸர், இழுத்து அமுக்குகிறது. அழுத்தமும் சூடும் ஏறிய வாயு காரின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் முன் சுருளுக்குப் போகிறது. மெக்கானிக்குகள் கண்டென்ஸர் என்பது இதைத்தான். அங்கே அழுத்தம் பதின்மூன்று வளிமண்டலம் என்றால், வாயு 50°யிலேயே திரவமாக மாறிவிடும். வெளிக்காற்று 35°தான் இருக்கிறது. ஆகவே வெப்பம் வாயுவிடமிருந்து வெளிக்காற்றுக்குப் போய்விடுகிறது. திரவமானது ஒரு குறுகிய வால்வு வழியாகப் பீய்ச்சப்பட்டு, அழுத்தம் குறைந்து, மறுபடியும் உள் சுருளுக்கு வருகிறது. இதுதான் முழுச் சுற்று.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு நடுத்தரக் காரின் ஏ.சி. விநாடிக்கு 3 கிலோ ஜூல் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்று கொள்வோம். ஒரு கிலோகிராம் ஆர்-134ஏ ஒரு சுற்றில் ஏறக்குறைய 130 கிலோ ஜூல் வெப்பத்தை உள்ளிருந்து எடுக்கும். அப்படியானால் விநாடிக்கு 23 கிராம் வாயு சுற்ற வேண்டும். அமைப்பில் மொத்தம் இருப்பதோ 450 கிராம் அளவுதான். அதாவது இருபது விநாடிக்கு ஒரு முறை அத்தனை வாயுவும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் 180 சுற்று!

இத்தனை சுற்றிலும் அது எரிவதில்லை, வேறு பொருளாக மாறுவதில்லை, தேய்வதும் இல்லை. திரவமாகிறது, ஆவியாகிறது, மறுபடி திரவமாகிறது. அவ்வளவுதான். ஆகவே நண்பர்களே, ஏ.சி. வாயு தீர்வதில்லை. குறைந்திருந்தால் அது எங்கோ கசிந்திருக்கிறது என்று பொருள். ரப்பர்க் குழாய்களின் வழியாகவும் அமுக்கியின் அச்சு அடைப்பின் வழியாகவும் மிகச் சிறிதளவு கசிவது இயல்பு. அதனால் பல ஆண்டுகளுக்குப் பிறகு குளிர் குறையலாம். ஒவ்வொரு சித்திரையிலும் குறைந்தால் அது இயல்பு அல்ல, ஓட்டை.

அமெரிக்காவில் செய்வது என்ன?

மாணவரின் அண்ணன் செய்வது போல் அமெரிக்காவில் எத்தனையோ பேர் செய்கிறார்கள். கார் உதிரிபாகக் கடைகளில் 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம் வாயு அடைத்த டப்பா கிடைக்கும். அதனுடன் ஒரு குட்டைக் குழாயும், வண்ணம் தீட்டிய ஓர் அழுத்தமானியும் சேர்ந்து வரும். செய்முறை இது: எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி.யை முழு அளவில் வைக்க வேண்டும். குழாயைத் தாழ் அழுத்தப் பக்கத்து வாயில் மாட்ட வேண்டும். டப்பாவின் வால்வைத் திறந்தால், முள் பச்சைப் பகுதிக்கு வரும்வரை வாயு உள்ளே போகும்.

இதில் ஒவ்வொரு படியிலும் இயற்பியல் இருக்கிறது. ஏன் தாழ் அழுத்தப் பக்கம்? 30° வெப்பநிலையில் டப்பாவுக்குள் அழுத்தம் ஏழரை வளிமண்டலம். ஓடிக்கொண்டிருக்கும் ஏ.சி.யின் தாழ் பக்கத்தில் மூன்று. உயர் பக்கத்தில் பதின்மூன்று அல்லது அதற்கும் மேல். வாயு எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் பாயும். தாழ் பக்கத்தில் மாட்டினால் டப்பாவிலிருந்து காருக்குப் போகும். உயர் பக்கத்தில் மாட்டினால் காரிலிருந்து டப்பாவுக்குத் திரும்பிப் பாய்ந்து, மெல்லிய தகரத்தை வெடிக்கச் செய்துவிடலாம். இந்த ஆபத்தைத் தவிர்க்கவே இரு வாய்களையும் வெவ்வேறு அளவில் செய்கிறார்கள். தாழ் பக்கம் 13 மில்லிமீட்டர், உயர் பக்கம் 16 மில்லிமீட்டர். டப்பாவின் குழாய் தாழ் பக்கத்தில் மட்டுமே பொருந்தும்.

டப்பாவை ஏன் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும்? நிமிர்ந்திருந்தால் மேலே உள்ள ஆவி மட்டும் போகும். கவிழ்த்தால் திரவம் போகும். வாயுவை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். திரவம் அமுக்கிக்குள் புகுந்தால் அதன் வால்வுகள் உடைந்துபோகும்.

வாயு வெளியேற வெளியேற டப்பா சில்லிட்டு, மேலே பனி பூக்கும். ஏன்? டப்பாவுக்குள் மீதமிருக்கும் திரவம் கொதிக்கிறது. கொதிக்க வேண்டிய உள்ளுறை வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்ததால் உள்ளழுத்தம் குறைகிறது. பாய்வும் மந்தமாகிறது. வெதுவெதுப்பான நீரில் டப்பாவை நிறுத்தினால் மறுபடி பாயும். பொறுமை இழந்து கொதிநீரிலோ தீயிலோ காட்டியவர்களின் கதி வேறு. 60°யில் டப்பாவின் அழுத்தம் பதினாறு வளிமண்டலத்தைத் தாண்டிவிடும்.

அழுத்தமானி சொல்லாத செய்தி

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். முள் பச்சைக்கு வந்துவிட்டது. காரில் சரியான அளவு வாயு இருக்கிறது என்று சொல்லலாமா?

உங்கள் வீட்டுச் சமையல் எரிவாயு உருளையை நினைத்துப் பாருங்கள். முழு உருளையில் 14.2 கிலோகிராம் வாயு இருக்கும். அதில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தினால் என்ன காட்டும்? முழு உருளையிலும், பாதி உருளையிலும், ஏறக்குறைய காலியான உருளையிலும் ஒரே அளவைத்தான் காட்டும்! உள்ளே கொஞ்சமாவது திரவம் மீதம் இருக்கும்வரை, அதன் மேலுள்ள ஆவி தெவிட்டிய ஆவி. தெவிட்டிய ஆவியின் அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. திரவத்தின் அளவைப் பொறுத்ததல்ல. ஆவி சிறிது வெளியேறினால், திரவம் சிறிது கொதித்து அந்த இடத்தை நிரப்பிவிடும். கடைசித் துளி திரவம் போன பிறகுதான் முள் இறங்கத் தொடங்கும். அதனால்தான் உருளை கொண்டுவருபவர் கையில் அழுத்தமானி இருப்பதில்லை, தராசு இருக்கிறது. உருளையின் கழுத்தில் வெற்று எடையை எழுதியிருப்பதும் அதற்காகவே.

காரிலும் இதே கதைதான். எஞ்சின் நின்றிருக்கும்போது, 30° வெப்பத்தில், மானி 97 பவுண்டை ஒட்டிக் காட்டும். உள்ளே 450 கிராம் இருந்தாலும் 97. 200 கிராம் இருந்தாலும் 97. வெயிலில் நின்ற கார் 40°க்குச் சூடேறியிருந்தால் ஒரு கிராம்கூடச் சேர்க்காமலே முள் 130 பவுண்டைத் தாண்டும்.

எஞ்சின் ஓடும்போது நிலைமை சற்று வேறு. வாயு மிகவும் குறைந்தால் உள் சுருளுக்குப் போதிய திரவம் கிடைக்காமல் தாழ் பக்க அழுத்தம் இறங்கும். ஆகவே மானி ஒன்றுமே சொல்லாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வெளி வெப்பம், எஞ்சின் வேகம், விசிறியின் ஓட்டம், வால்வின் நிலை, முன் சுருளில் படிந்த தூசி இவை எல்லாமே அந்த முள்ளை அசைக்கும். உள்ளே காற்று புகுந்திருந்தால் டால்டன் விதிப்படி அதன் அழுத்தமும் வாயுவின் அழுத்தத்தோடு கூடிக்கொள்ளும். இத்தனை காரணங்களையும் கலந்து வரும் ஒரே ஓர் எண்ணிலிருந்து, வாயுவின் அளவை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி?

தவறினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 450 கிராம் பிடிக்கும் காரில் 100 கிராம் குறைந்திருக்கிறது என்க. டப்பாவில் இருப்பதோ 340 கிராம். முழுவதையும் செலுத்தினால் 240 கிராம் அதிகமாகிவிடும். மிகுதியான திரவம் முன் சுருளில் தேங்கும். வாயு திரவமாவதற்கு அங்கே இடம் குறையும். அழுத்தம் ஏறும், குளிர் கூடுவதற்குப் பதிலாகக் குறையும், அமுக்கி திணறும். குறைந்த வாயுவோடு ஓட்டினாலும் கேடுதான். அமுக்கிக்கு வேண்டிய எண்ணெய் வாயுவோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. வாயு குறைந்தால் எண்ணெய் சரியாகத் திரும்பி வராது. எண்ணெய் இல்லாத அமுக்கி இறுகி நின்றுவிடும். வாயு மிகக் குறைந்தவுடன் அமுக்கியை ஓடவிடாமல் தடுக்கும் அழுத்தச் சாவி ஒன்றைக் கார்களில் வைத்திருப்பது இந்தப் பாதுகாப்புக்காகத்தான்.

முறையாகச் செய்வது எப்படி?

நல்ல பட்டறையில் வேலை மூன்று கட்டமாக நடக்கும்.

முதலில், மீதியிருக்கும் வாயுவை ஒரு கருவியால் உறிஞ்சி உருளையில் சேமிப்பார்கள். பிறகு ஓட்டையைத் தேடுவார்கள். வாயுவோடு எண்ணெயும் கசிவதால், ஓட்டையுள்ள இணைப்பில் தூசி படிந்த எண்ணெய்க் கறை இருக்கும். நைட்ரஜனை அழுத்தத்துடன் ஏற்றிச் சோப்பு நீர் தடவினால் குமிழி கிளம்பும். சிலர் ஒளிரும் சாயம் கலந்து, புற ஊதா விளக்கில் பார்ப்பார்கள்.

இரண்டாவது, வெற்றிடப் பம்பு. ஓட்டையை அடைத்த பிறகு, அமைப்பிலுள்ள காற்றை எல்லாம் பம்பு வெளியேற்றும். காற்றை மட்டுமல்ல, ஈரத்தையும்! 30°யில் தண்ணீர் கொதிக்க அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு இறங்கினால் போதும். பம்பு அதற்கும் கீழே இழுத்துவிடும். குழாய்க்குள் ஒட்டியிருந்த நீர் கொதித்து ஆவியாகி வெளியே போய்விடும். நீங்கள் சிரிஞ்சில் செய்த அதே சோதனை! ஈரத்தை விட்டுவைத்தால், குறுகிய வால்வில் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். எண்ணெயோடும் வாயுவோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பம்பை நிறுத்திய பின் சிறிது நேரம் முள்ளைக் கவனிப்பார்கள். முள் அசையாமல் நின்றால் ஓட்டை இல்லை. மெல்ல ஏறினால் இன்னும் எங்கோ இருக்கிறது.

மூன்றாவது, எடை. காரின் முன் மூடியைத் திறந்தால் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எந்த வாயு, எத்தனை கிராம் என்று அதில் அச்சிட்டிருக்கும். உருளையைத் தராசில் வைத்து, அந்த எடை குறையும்வரை செலுத்துவார்கள். சமையல் உருளைக்கு எது நியாயமோ அதுவே காருக்கும் நியாயம்.

வீட்டு வாசலில் டப்பா அடிக்கும் முறையில் முதலிரண்டு கட்டமும் இல்லை. மூன்றாவது கட்டத்துக்குப் பதில் ஒரு முள் இருக்கிறது. மெல்லக் கசிந்த பழைய காருக்கு அது ஒரு கோடையை ஓட்டித் தரலாம். ஓட்டைக்கு அது மருந்தாகாது.

ஓட்டைக்கு வெளியே ஒரு வானம்

கசிந்த வாயு எங்கே போகிறது? வளிமண்டலத்துக்குத்தான். இங்கே சிறிது வரலாறு சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் பேக்கார்ட் கம்பெனி 1940ஆம் ஆண்டு மாடல் கார்களில் ஏ.சி. பொருத்தித் தந்தது. அதை நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, அமுக்கியின் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! பிற்காலக் கார்களில் நெடுங்காலம் பயன்பட்ட வாயு ஆர்-12. தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய கூட்டாளிகளும் 1928இல் கண்டது இது. எரியாது, நஞ்சில்லை என்று உலகமே பாராட்டியது. ஆனால் அதிலுள்ள குளோரின் மேல் வளிமண்டலத்தில் ஓசோனை அழிக்கும் என்று 1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. 1995இல் அவர்கள் இருவரும் பால் குருட்செனும் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். ஆர்-12 போய் ஆர்-134ஏ வந்தது.

புதியதில் குளோரின் இல்லை, ஓசோனுக்குத் தீங்கில்லை. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் வல்லது. நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோகிராம் ஆர்-134ஏ ஏறக்குறைய 1,400 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு டப்பா வாயு முழுவதும் கசிந்தால் 476 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடு விட்டதாகக் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோகிராம் வரும். ஆக, ஒரு டப்பா 200 லிட்டர் பெட்ரோலுக்கு மேல்! லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு இரண்டு முறை போய்த் திரும்பினாலும் அதில் பெட்ரோல் மீதம் இருக்கும்.

இதனால்தான் நாடுகள் விழித்துக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் இத்தகைய வாயுக்களை ஒருமுறை பயன்படுத்தி எறியும் கலங்களில் விற்பதைத் தடை செய்தது. 2017 முதல் புதிய கார்களில் ஆர்-134ஏ கூடாது என்றது. அமெரிக்காவில் டப்பா விற்பனை தொடர்ந்தாலும், 2018 முதல் அதற்குத் தானாக மூடிக்கொள்ளும் வால்வு இருக்க வேண்டும் என்பது விதி. முன்பெல்லாம் மீதி வாயு டப்பாவிலிருந்து காற்றில் கலந்துவிடும். 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியா 2021இல் அந்தத் திருத்தத்தை ஏற்றது. இப்போது பல புதிய கார்களில் வரும் ஆர்-1234ஒய்.எஃப். என்ற வாயு வெப்பத்தைப் பிடிப்பதில் மிகவும் குறைந்தது. ஆனால் ஓரளவு தீப்பற்றக்கூடியது. ஒரு வாயுவுக்குரிய காரில் மற்றொன்றைக் கலக்கக் கூடாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையை நீங்கள் முயன்று பார்க்க வேண்டாம். பீய்ச்சும் திரவம் கண்ணிலோ தோலிலோ பட்டால் அந்த இடம் உறைந்துவிடும். மூடிய அறையில் வாயு தாழ்வாகத் தேங்கி மூச்சுக் காற்றை விலக்கிவிடும். தீயில் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளூரைடு என்னும் கொடிய நஞ்சு உண்டாகும்.

மாணவருக்குச் சொன்ன பதில்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் மூவரும் போனோம். அமுக்கிக்குச் செல்லும் குழாயின் இணைப்பில் கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நீர் தடவியதும் சிறு குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. சில ரூபாய் விலையுள்ள ஒரு ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அதை மாற்றி, அரை மணி நேரம் வெற்றிடம் இழுத்து, சீட்டில் கண்டபடி 450 கிராம் வாயுவைத் தராசு பார்த்துச் செலுத்தினார்கள்.

"இரண்டு வருடம் இந்த வளையத்துக்காகவா கேஸ் காசு கொடுத்தேன்!" என்றார் மாணவரின் தந்தை. அதற்குப் பின் இரண்டு கோடைகள் கடந்துவிட்டன. அந்தக் காருக்கு மறுபடி வாயு அடிக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது காருக்கு வாயு அடிக்கப் போனால் நீங்களும் கூடப் போங்கள். மூன்று கேள்விகளை மரியாதையாகக் கேளுங்கள்: ஓட்டை எங்கே இருக்கிறது? வெற்றிடம் இழுத்தீர்களா? எத்தனை கிராம் செலுத்தினீர்கள்? இதற்குப் பதில் சொல்லும் பட்டறையை நம்பலாம்.

சிந்தித்துப் பாருங்கள்

1. குளிர்காலக் காலையில் 20°யில் ஒரு காரின் அழுத்தமானி, எஞ்சின் நின்றிருக்கும்போது, மதியம் காட்டியதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. வாயு கசிந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டலாமா?

2. சமையல் எரிவாயு உருளை நீண்ட நேரம் எரிந்தபின் அதன் அடிப்பகுதியில் நீர்த்துளிகள் படிகின்றன. எந்த உயரம்வரை படிகின்றன என்று பாருங்கள். அது எதைக் காட்டுகிறது?